நகர்த்தல் பத்திரமும் ஒரு தாயின் சத்தியக்கடதாசியும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகம் நோக்கிச் செல்வோருக்கு இடப்புறமாக முதலில் தென்படும் ஊர் மண்டைதீவு. கடற்றொழிலும், பனையும், கோடையில் உவர்த்துப்போகும் கிணறுகளும் இவ்வூரின் அடையாளங்கள். இவ்வூரைச் சேர்ந்த தாயொருவர் எம்மைச் சந்திக்க வந்தபோது அவரது கையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. பைக்குள் ஆணைக்குழுக்களின் கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் பதில், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கமிட்ட துண்டு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கரை மஞ்சளித்த சிறு புகைப்படம் ஒன்று. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு அவர் கேட்டார்:

“சுவாமி, முப்பத்தைஞ்சு வரியமா எல்லா இடமும் எழுதிக் குடுத்திட்டன். இன்னும் என்ன கடுதாசி வேணும் எண்டு கேக்கினம்?”

நாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஜனாதிபதிக்கு, அமைச்சருக்கு, ஆணையாளருக்கு, ஆயருக்கு, வெளிநாட்டுத் தூதரகத்துக்கு எழுதிய பிரதிகள் இருந்தன. நீதிமன்றத்தை விளித்து எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. முப்பத்தைந்து வருடங்களாக நீதி கேட்டு அலைந்த ஒருவரின் பையில் நீதிமன்றக் கடதாசி ஒன்றும் இல்லாதிருப்பது எப்படி? இக்கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த படையினரைப் புலிகள் முற்றுகையிட்டிருந்தனர். அம்முற்றுகையை உடைப்பதற்காக ஓகஸ்ட் இறுதியில் இராணுவம் தீவகத்தில் இறங்கி, வேலணை, அல்லைப்பிட்டி வழியாக மண்டைதீவுவரை வந்தது. அங்கிருந்து கடல்நீரேரியைக் கடந்து கோட்டையை அடைந்த இராணுவம் செப்டெம்பர் 26 ஆம் திகதி கோட்டையைக் கைவிட்டது. கோட்டைக்காக நடந்த சண்டையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். வழியில் இருந்த ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்களைப் பற்றி எழுதியோர் குறைவு. மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் காணாமற்போயினர் என்பது ஊரவர் பரவலாகச் சொல்லிவரும் கணக்கு. இவர்களிற் சிலர் கொல்லப்பட்டுக் கிணறுகளுக்குள் போடப்பட்டனர் என்ற பேச்சும் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

மண்டைதீவுக்கு இது முதற் துயரமுமன்று. 1986 ஜூன் 10 ஆம் திகதி மண்டைதீவுக் கடலிலே தொழில் செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் முப்பதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அவர்களது உடல்கள் கரைக்கு வந்தன, கல்லறைகள் இருக்கின்றன, வருடாவருடம் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். 1990 இல் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

1994 நவம்பரில் நியமிக்கப்பட்ட வடக்குக் கிழக்குக்கான ஜனாதிபதி ஆணைக்குழு தொடங்கி, 2013 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாகிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்வரை, எமது தாய்மார் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆணைக்குழு கேட்கும், எழுதும், சிபாரிசு செய்யும். ஆனால் ஆணைக்குழுவின் அறிக்கையைக் கொண்டு ஒரு கிணற்றைத் தோண்ட முடியாது. ஓரிடத்தைத் தோண்டி எலும்பை எடுப்பதற்கு நீதவானின் கட்டளை வேண்டும். அக்கட்டளையை நீதவான் பிறப்பிப்பதற்கு அவர் முன் ஒரு காரணம் வைக்கப்பட வேண்டும். அந்தக் காரணத்தை வைக்கும் தாள்களே நகர்த்தல் பத்திரமும் அதற்கு ஆதாரமான சத்தியக்கடதாசியும்.

இவ்விரண்டையும் எமது மக்கள் மட்டுமல்ல, மக்களோடு வேலை செய்யும் நாமும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம். நகர்த்தல் பத்திரம் சட்டத்தரணியின் தாள். “இந்த இலக்க வழக்கை இந்தத் திகதியில் அழைத்து இன்ன கட்டளையைப் பிறப்பிக்குமாறு மன்றை வேண்டுகிறோம்” என்று அவர் பதிவாளரிடம் கொடுப்பது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். வழக்கு மூன்று மாதத்துக்குப் பிற்போடப்பட்டிருக்கும் வேளையில், அதற்கிடையில் ஓர் இடம் அழியப்போகிறது என்றால், மூன்று மாதம் காத்திருக்காமல் மன்றின் கதவைத் தட்டுவதற்கு இதுவே வழி. சத்தியக்கடதாசி அவ்வாறன்று. அது கண்டவரின் தாள். கண்டவர் தாம் கண்டதைச் சத்தியம் செய்து சொல்வது. நகர்த்தல் பத்திரம் கேட்கிறது. ஏன் கேட்கிறோம் என்பதைச் சத்தியக்கடதாசி சொல்கிறது. ஆதாரமின்றிக் கேட்கும் நகர்த்தல் பத்திரத்தைத் தூக்கி ஒருபுறம் வைத்துவிடுவது எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இரண்டு நிமிட வேலை.

பாதிக்கப்பட்டவருக்குக் குற்றவியல் நீதிமன்றில் என்ன இடம், அது அரசுக்கும் எதிரிக்கும் இடையிலான வழக்கல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260 ஆம் பிரிவு, எதிரியைப் போலவே பாதிக்கப்பட்ட தரப்பினரும் சட்டத்தரணி மூலம் மன்றில் பிரதிநிதித்துவம் பெறும் உரிமையை வழங்குகிறது. எமது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்திலேயே இதைக் கண்டோம். 2015 மே மாதத்தில் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காகச் சட்டத்தரணிகள் தோன்றினார்கள். அவ்வழக்கு பின்னர் மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணை மன்றுக்குச் சென்று, 2017 செப்டெம்பரில் தீர்ப்பாகியது. பிரதிநிதித்துவம் இல்லாத குடும்பம் மன்றின் பின்வாங்கில் இருந்து பெயர் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும். அதுதான் வித்தியாசம்.

இனி, சட்டத்தில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இது கசப்பானது, ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிட மோசம். அதே சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி கொலைக்கும் அரச துரோகத்துக்கும் வழக்குத் தொடர்வதற்குக் காலவரையறை இல்லை. ஏனைய குற்றங்களுக்கு இருபது வருடங்கள் கடந்தால் வழக்குத் தொடர முடியாது. 1990 இல் ஒருவரைப் பிடித்துச் சென்றார்கள் என்பதோடு முறைப்பாடு நின்றுவிட்டால், அது ஆட்கடத்தல்; இருபது வருடம் 2010 இலேயே முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆள் எங்கே என்று சொல்லப்படாதவரை குற்றம் தொடர்கிறது என்று எமது தரப்பில் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்குதலைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது என்றாலும், 1990 இல் நடந்ததற்கு அது எவ்வளவு தூரம் கை கொடுக்கும் என்பது தர்க்கத்துக்குரியது. கொலை என்றால் அந்தத் தடையே இல்லை. ஆனால் கொலை என்று சொல்வதற்கு மரணத்துக்குச் சான்று வேண்டும். உடல் இல்லாமலும் கொலையை எண்பிக்கலாம் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். நடைமுறையில் அது எவ்வளவு கடினம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே, மண்டைதீவுக் கிணறு ஒன்றைத் திறப்பதும் திறக்காமல் விடுவதும் வெறும் நினைவு சம்பந்தமான விடயமன்று. வழக்கு உயிரோடிருக்குமா இல்லையா என்பதே அதில் தங்கியிருக்கிறது.

செம்மணியை எடுத்துக்கொள்வோம். 1996 செப்டெம்பரில் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில், 1998 ஜூலையில் கொழும்பில் தீர்ப்பு வழங்கப்பட்டது. தண்டனை பெற்ற படையினருள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று மன்றிலேயே கூறினார். 1999 இல் தோண்டியபோது பதினைந்து உடல்கள் எடுக்கப்பட்டன. பிறகு இருபத்தைந்து வருடம் மௌனம். 2025 பெப்ரவரியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை அமைப்பதற்கு நிலம் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பேராசிரியர் ராஜ் சோமதேவ குழுவினர் செய்த அகழ்வில் அவ்வருடம் செப்டெம்பர் தொடக்கம்வரை 240 எலும்புக்கூடுகள் அடையாளங்காணப்பட்டன. ஒரு பிள்ளையின் நீலநிறப் புத்தகப் பையும் அவற்றோடு கிடந்தது. ஓகஸ்ட் 5 ஆம் திகதி, எடுக்கப்பட்ட பொருட்களைப் பொதுமக்கள் பார்த்து அடையாளங்காட்ட மன்று ஒழுங்குசெய்தது. வந்து பார்த்தவர்கள் மனதில் சேர்ட்டின் நிறத்தையும், செருப்பின் வாரையும், தாம் தைத்துக் கொடுத்த பொத்தானையும் சுமந்து வந்தார்கள். அவற்றை 1996 இலேயே ஒரு சத்தியக்கடதாசியில் எழுதி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்?

மண்டைதீவின் கதையும் 2025 இல் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அதே வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். அபிவிருத்தியை நாம் எதிர்க்கவில்லை. அதற்காகவே இச்சஞ்சிகையை நடத்துகிறோம். தீவக இளைஞருக்கு விளையாட்டும் வேலையும் வரட்டும். ஆயினும் சித்துப்பாத்தியில் எலும்பை வெளிக்கொணர்ந்தது யாருடைய விசாரணையுமன்று, கட்டட வேலைக்காக வெட்டிய கிடங்கு என்பதை மறக்கலாகாது. றோட்டுப் போடும்போதும், குழாய் புதைக்கும்போதும், கிணறு மூடும்போதும் ஓர் ஊரின் நிலம் புரளும். அது புரள்வதற்கு முன்னர், “இன்ன இடத்தைப் பாதுகாக்கக் கட்டளையிடுக” என்று ஒரு நகர்த்தல் பத்திரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முழு நீதியையும் ஒரே தாளில் கேட்கத் தேவையில்லை. ஒரு வேலியும் ஒரு பொலிஸ் காவலும் கேட்டாலே பெரிய காரியம்.

இவ்விடத்தில் எமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தாமாகக் கிணற்றை இறைப்பதோ மண்வெட்டியால் கிண்டுவதோ கூடாது. மீள்குடியேற்ற காலத்தில் தீவகத்தில் கிணறு இறைக்கும் வேலைத்திட்டத்தில் நாமும் சம்பந்தப்பட்டோம். ஓரிடத்தில் ஒரு வயோதிபர் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, “இதை விடுங்கோ சுவாமி” என்றார். ஏன் என்று கேட்டோம், சொல்லவில்லை. அன்று நாம் அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்து அடுத்த கிணற்றுக்குப் போனோம். அவர் எமக்கு ஒரு சாட்சியம் தர வந்தவர் என்பது பிறகுதான் விளங்கியது. அவர் இப்போது இல்லை. எலும்பு எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எதன் மேல் கிடந்தது என்பதெல்லாம் சட்ட வைத்திய அதிகாரிக்கும் தொல்லியலாளருக்கும் ஒரு புத்தகம் போன்றது. நாம் கிண்டினால் அதன் பக்கங்களைக் கிழித்தவர்களாவோம்.

சத்தியக்கடதாசிக்கு வருவோம். எமது வேலை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது, தவறுகளும் இதில்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் தயாரித்த அச்சுப் படிவம் எமது கைக்கு வந்தது. பெயர், திகதி, இடம் என்று வெற்றிடங்கள். மீதி வாசகம் அச்சடித்திருந்தது. வேலை சுலபமாயிற்றே என்று நாமும் மகிழ்ந்து, ஒரே மாலைக்குள் பல தாய்மாருக்கு நிரப்பிக் கொடுத்தோம். பின்னர் ஒரு சட்டத்தரணி அவற்றை அருகருகே வைத்துக் காட்டினார். எல்லாத் தாய்மாரும் ஒரே வசனத்தில் அழுதிருந்தார்கள்! “மிகுந்த மனவேதனையுடன் எனது மகனை மீட்டுத்தருமாறு தாழ்மையுடன்...” என்று ஒரே சொல், ஒரே தரிப்பு. குறுக்கு விசாரணையில் முதற் கேள்வி, “இதை எழுதியது யார்?” என்பதாகவே இருக்கும் என்றார். இந்தத் தவறு எம்முடையதும்தான். ஏழைகளின் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று அவர்களுடைய சாட்சியத்தையே நாம் மெலிவித்துவிட்டோம்.

சத்தியக்கடதாசியில் வேண்டியது கண்ணீரன்று. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 181 ஆம் பிரிவு, தானே அறிந்து அவதானித்தவற்றை மட்டுமே சொல்பவர் அதில் கூறலாம் என்கிறது. இடைக்கால விண்ணப்பங்களில் தனது நம்பிக்கையையும் சொல்லலாம். ஆனால் ஏன் அவ்வாறு நம்புகிறார் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குற்றவியல் மன்றுகளிலும் சட்டத்தரணிகள் இந்த அளவுகோலையே பிடிக்கிறார்கள். ஆகவே, “ஆமி என்ரை பொடியனைக் கிணத்துக்கை போட்டவங்கள்” என்று ஒரு தாய் சொல்லும்போது, நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும்: அம்மா, நீங்கள் கண்டனீங்களோ? கண்டவர் சொன்னவரோ? சொன்னவர் யார், எப்ப, எங்கை வைத்துச் சொன்னவர்? அவர் இப்ப இருக்கிறாரோ? பொடியனைக் கூட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றனீங்கள்? அவர் தன் கண்ணால் கண்டது மகனின் கைகள் சேர்ட்டால் பின்னே கட்டப்பட்டிருந்ததும், அவர்கள் எந்த ஒழுங்கையால் திரும்பினார்கள் என்பதும்தான் என்றால், அதை மட்டுமே எழுத வேண்டும். கிணற்றைப் பற்றிச் சொன்ன மற்றவர் உயிரோடிருந்தால் அவரிடமிருந்து வேறொரு சத்தியக்கடதாசி பெற வேண்டும். சிறிய உண்மைகள் இரண்டு, பெரிய செவிவழிச் செய்தி ஒன்றைவிடப் பெறுமதியானவை.

தவக்காலத்தில் வாசிக்கப்படும் சூசன்னாவின் கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பொய்ச்சாட்சி சொன்ன முதியோர் இருவரையும் தானியேல் வேறுவேறாக நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் இன்னொன்றைச் சொன்னார். அதோடு வழக்கு முடிந்தது. குருமடத்தில் இதைக் கற்பு பற்றிய பாடமாகவே எமக்குப் படிப்பித்தார்கள். நீதிமன்ற வாசலில் நின்று பழகிய பிறகு, குறுக்கு விசாரணை பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய பாடமும் அதுவே என்று தோன்றுகிறது. பொய்யர் மட்டும் மரத்தில் தடுக்கி விழுவதில்லை. உண்மை சொல்லும் எமது தாய்மாரும், வேறு யாரோ எழுதிக் கொடுத்த மரத்தைத் தமது என்று ஒப்பமிட்டால் விழுந்துவிடுவார்கள்.

திகதிகளிலும் இதே கவனம் வேண்டும். முப்பத்தைந்து வருடத்துக்குப் பின் ஒருவருக்கு மாதத்தின் திகதி நினைவிராது. எழுதுபவர்கள் தாமே ஒரு திகதியைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அத்தாய்க்கு, மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு அடுத்த கிழமை என்று நன்றாகத் தெரியும். அவர் சொன்னவாறே எழுதினால் போதும். அதிலிருந்து திகதியைக் கணிப்பது சட்டத்தரணியின் வேலை. இன்னொரு தாய்க்கு நல்லூர்த் திருவிழா அளவுகோல். இன்னொருவருக்குக் கடைசிப் பிள்ளை வயிற்றில் ஏழு மாதம்.

பெயரும் எமது கத்தோலிக்க ஊர்களில் ஒரு வில்லங்கம். ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது. ஆணைக்குழுவின் பட்டியலில் அது சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்த் திரும்பி வந்து நான்காவதாகிவிடும். “எனவும் அழைக்கப்படும்” என்று எல்லாப் பெயர்களையும் சத்தியக்கடதாசியில் சேர்த்துவிடுவது நல்லது. மரணச் சான்றிதழ் எடுத்த குடும்பங்கள் அதை மறைக்கக் கூடாது. இழப்பீட்டுக்காகவோ காணி மாற்றத்துக்காகவோ அதை எடுத்திருப்பார்கள்; அதில் குறித்த திகதி வேறாயிருக்கும். நாம் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்புச் சொல்லும். ஏன் எடுத்தோம், திகதியை யார் சொன்னார்கள் என்று இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின், இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழியுண்டு. முன்னைய ஆணைக்குழுக்களுக்குச் சொன்னவற்றின் பிரதி இருந்தால் சட்டத்தரணிக்குக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இறுதியில் சத்தியம் செய்யும் வாசகம். 1895 ஆம் ஆண்டின் சத்தியங்கள், உறுதியுரைகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, கிறிஸ்தவர் சத்தியம் செய்கிறார்; இந்துக்கள், பௌத்தர், இஸ்லாமியர் உறுதியுரைக்கிறார்கள். அச்சுப் படிவத்தில் உள்ள ‘இந்து’ என்ற சொல்லை வெட்டாமல் மரியம்மா ஒருவர் ஒப்பமிட்டால், அதைச் சத்தியக்கடதாசியே அல்ல என்று வாதிட இடமிருக்கிறது. சமாதான நீதவான் முன்னிலையிலோ சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையிலோ ஒப்பமிட வேண்டும். அந்த வழக்கில் தோன்றும் சட்டத்தரணியே அந்த ஆணையாளராக இருக்க முடியாது. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டப்பட்டது என்று அடியில் குறிக்க வேண்டும். எமது சமாதான நீதவான்மார் நல்லவர்கள், அவசரக்காரரும்கூட. முத்திரையைக் குத்திவிட்டு, “எல்லாம் சரிதானே அம்மா” என்று கேட்பது வாசித்துக் காட்டுவதாகாது.

கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அச்சம் உள்ளவர்களுக்கு, 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிப்பதாகச் சொல்கிறது. சட்டம் இருப்பதும் இரவில் வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதும் வேறுவேறு விடயங்கள் என்பதை அறிவோம். ஆகவே யாரையும் நாம் தள்ளிக்கொண்டு போவதில்லை. ஒரு தாய் இன்று வேண்டாம் என்றால் இன்று வேண்டாம்.

இவ்வளவும் செய்து என்ன கண்டீர்கள் என்று கேட்போருக்கும் பதில் சொல்ல வேண்டும். 1996 இல் நாவற்குழியில் இராணுவத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமற்போன இளைஞர்களுக்காக 2002 இல் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுக்கள் பின்னர் அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே போய்வரப் பலரால் முடியவில்லை. ஆனாலும் 2017 நவம்பரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றில் மீண்டும் மனுக்கள் தாக்கலாயின. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது பதின்மூன்றாம் திருத்தம். அதற்குமுன் கொழும்புக்கே போக வேண்டும். முதன்முறை எழுதிய தாள்கள் வழக்கேட்டில் இருந்ததால் இரண்டாம் முறை நிற்க ஒரு நிலம் இருந்தது. 2009 மே மாதத்தில் சரணடைந்த எழிலன் எனப்படும் சின்னத்துரை சசிதரனுக்காக அவருடைய மனைவி அனந்தி சசிதரன் 2013 இல் மனுத் தாக்கல் செய்தார். அவரை மன்றில் முற்படுத்தும்படி வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது 2022 டிசெம்பரில். ஒன்பது வருடங்கள். ஆள் வரவில்லை. ஆனால் சரணடைந்தது நடந்தது என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்தாயிற்று. மிருசுவிலில் 2000 டிசெம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015 இல் தண்டனை கிடைத்தது. 2020 மார்ச்சில் அக்குற்றவாளிக்குப் பொதுமன்னிப்பும் கிடைத்தது. இதையும் மறைக்காமல் எமது மக்களிடம் சொல்கிறோம்.

ஒரு தரப்பின் குற்றத்துக்கு மட்டுமே இத்தாள்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். 1990 இல் குருக்கள்மடத்தில் புலிகளால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் முஸ்லிம் சகோதரர்களின் உறவினர் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தின் படியேறியிருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரும் சேர்ட்டின் நிறத்தைத்தான் சொல்கிறார்கள்.

எமது மறைமாவட்டத்துக்கும் இது அயல்வீட்டுக் கதையன்று. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் மக்கள் தஞ்சமடைந்திருந்தபோது எறிகணைகள் விழுந்தன. அம்மக்களைக் காப்பாற்ற ஓடித்திரிந்த பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார், அம்மாதம் 20 ஆம் திகதி, கூடச் சென்ற ஒருவருடன் அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடிப் பகுதியில் கடைசியாகக் காணப்பட்டார். இன்றுவரை பதில் இல்லை. சோதனைச் சாவடியும் திகதியும் சாட்சிகளும் உள்ள ஒரு குருவானவரின் விடயமே இப்படி என்றால், 1990 இல் ஒரு கடற்றொழிலாளியின் மகனுக்கு என்ன இருந்தது என்று எண்ணிப்பாருங்கள்.

சொப்பிங் பையோடு வந்த தாயின் சத்தியக்கடதாசியை எழுத நான்கு நாட்கள் சென்றன. ஒரு நாள் அவருக்குப் பிரஷர் கூடிவிட்டது. ஒரு நாள் அவர் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நான்காம் நாள் சமாதான நீதவான் முன்னிலையில் பந்தி பந்தியாக வாசித்துக் காட்டினோம். ஏழாவது பந்தியில், மகன் வெள்ளைச் சாரம் உடுத்தியிருந்தார் என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கினார்.

“அது வெள்ளை இல்லை, சுவாமி. நீலக்கரை போட்ட சாரம். நான்தான் பெரியகடையிலை வாங்கிக் குடுத்தனான்.”

சமாதான நீதவான் பேனையை எடுத்து ‘வெள்ளை’ என்பதை வெட்டி, மேலே திருத்தி, ஓரத்தில் கையொப்பம் வைத்தார். தாய் அந்தத் திருத்தத்தின் அருகிலும் தனது பெருவிரலைப் பதித்தார். மறுநாள் காலை சட்டத்தரணியின் கையில் அதைக் கொடுத்தோம்.